அக்கரையில் இரண்டு கணினிகள்

மார்ச் 4
ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மருத்துவமனைக்குப் போகும் இணைப்பு இன்றும் அறுந்தது. ரத்த வங்கியின் இருப்புக் கணக்கை ஐந்து கணினிகள் சேர்ந்து காக்கின்றன. மூன்று இங்கே வங்கியிலேயே, இரண்டு அங்கே. எந்தப் பை யாருக்கு என்று குறைந்தது மூன்று ஒத்துக்கொண்டால்தான் பதிவாகும். எந்த இரண்டு பழுதானாலும் மிச்சம் மூன்று ஓட்டிவிடும். ஆனால் இணைப்பு போனால் அக்கரை இரண்டும் வாயடைத்து நின்றுவிடும். அங்கிருக்கும் நர்ஸ் போனில் கத்தினார். நியாயம்தான்.

மார்ச் 5
கூட்டம். "ரெண்டு ஒத்துக்கிட்டா போதும்னு மாத்திடலாம்" என்றார் மேனேஜர். எல்லோரும் தலையாட்டினார்கள்.
"சில வகை ரத்தம் கிடங்குல இருக்கறதே ஒரே பை சார். லைன் அறுந்தா ரெண்டு பக்கமும் அதையே ஆளுக்கொருத்தருக்கு எழுதிடும்" என்றேன்.
"எதுக்கெடுத்தாலும் நீங்க ஒருத்தர்தான் முட்டுக்கட்டை."
பக்கத்து மேசைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே என்னோடு பேசுகிற ஒரே ஆள்.

மார்ச் 6
அக்கா போனில், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" ஜலதோஷம் என்றேன். பொய்.

மார்ச் 11
மாற்றும் வேலையைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். ஒருவேளை நான்தான் தப்போ? இல்ல. இல்லன்னு எனக்கு நானே எத்தனை தடவைதான் சொல்லிக்கறது?

மார்ச் 13
போலி நோயாளிகளை வைத்து ஒத்திகை. இணைப்பை வேண்டுமென்றே துண்டித்தார்கள். அபூர்வ வகை ரத்தம், ஒரே பை. அக்கரையில் ஒரு பெண்ணுக்கு, இங்கே ஒரு குழந்தைக்கு — இரண்டு திரையிலும் 'ஒதுக்கப்பட்டது'. "பழையபடியே மாத்திடறேன்" என்றார் பக்கத்து மேசைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.
ஜெயித்த மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்ல?

மார்ச் 19
நிஜமாகவே அறுந்தது.
"ஒரு அம்மாவுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. உங்க பெட்டி அசையவே மாட்டேங்குது!" என்று நர்ஸ் அழாத குறை.
"போனை வைக்காதீங்க. இங்க மூணும் நல்லா இருக்கு. நோயாளி எண்ணைச் சொல்லுங்க, நான் பதியறேன்."
பதிந்தேன். மூன்றும் ஒத்துக்கொண்டன. ரத்தப் பையோடு கிளம்பிய வண்டி அக்கரை போய்ச் சேரும்வரை இருவரும் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

மார்ச் 20
அந்த அம்மா பிழைத்துவிட்டார். இனி இணைப்பு போனால் இதுதான் வழி என்று மேனேஜர் அறிவித்துவிட்டார். என் போன் எண்ணையும் அக்கரைக்குக் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமலே.

மார்ச் 29, ஞாயிறு
நர்ஸ் கூப்பிட்டார். பதறிப்போய், "மறுபடியும் அறுந்துடுச்சா?" என்றேன்.
"இல்லம்மா, லைன் நல்லாத்தான் இருக்கு. சும்மா கூப்பிட்டேன்."
அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.