பெட்டிக்கு வைத்த பொட்டு

கீழ்வேளூர்,
ஐப்பசி 5.

அன்பு மகள் கனிமொழிக்கு, அம்மா எழுதுவது. நான், அப்பா, வயலில் நிற்கும் பயிர் எல்லோரும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய சேதி. அதனால் வடகப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

நேற்று நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. உன் கம்பெனியை இன்னும் ஒரு வருஷம் அங்கேயே நடத்தலாம் என்று புதுக் கம்பெனிக்காரர்களுக்கு அங்கே தங்க அனுமதி கொடுக்கிற குழுவினர் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் மூடிவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்து காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எஸ்தோனியா என்று சொல்ல இப்போதுதான் நாக்கு பழகியிருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா அளவு ஜனம்கூட இல்லாத நாடு. உள்ளூரில் வாங்க ஆளில்லாததால் ஆரம்பிக்கும்போதே வெளிநாட்டை மனதில் வைத்துத்தான் தொழில் தொடங்குவார்கள் என்றாய், அது புரிந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் கம்பெனியைப் பதிவு செய்தேன் என்றாயே, அதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. ஒரு பட்டா மாற்ற நான் நடந்த நடை உனக்குத் தெரியும்.

நம் வாய்க்கால் மதகில் நீ கட்டிவிட்டுப் போன உன் கம்பெனிப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தண்ணீர் ஏறினால் எல்லோர் போனுக்கும் சேதி அனுப்பும், பயிர் மூழ்குவதற்குள் வடிய விடலாம் என்று ஊருக்கே அதன்மேல் நம்பிக்கை வந்திருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் பளீரென்று வெயில் அடிக்கிறது, வாய்க்கால் நிரம்பி வழிகிறது என்று பெட்டி சொல்கிறது. ஊரே மண்வெட்டியோடு ஓடியது. பார்த்தால் முழங்கால் தண்ணீர்தான். "கனிமொழி பெட்டிக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்று தங்கம்மாள் அத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். குழுவினர் அதைப் பார்த்து முடிவு செய்கிற வாரமாகப் பார்த்தா அப்படி ஆக வேண்டும்?

உன் பெரியப்பா மகன் நெடுமாறன்தான் இறங்கிப் பார்த்தான். தண்ணீரைப் பார்க்கிற அதன் கண்ணில் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் குங்குமம். நீ என்னைத்தான் சந்தேகப்பட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன்.

வைத்தது உன் அப்பா.

நீ சென்னை வேலையை விட்டபோது, "சம்பளம் வர்ற வேலைய விடறதுக்கு நாம என்ன மிராசுதாரா? பண்ணையில கூலிக்கு நின்னவங்க" என்று கத்தினாரே, அதே கண்ணுசாமிதான். அன்றிலிருந்து உன்னோடு பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறவர்தான். பூஜையன்று காலையில் மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வாய்க்கால் பக்கம் போனார். வரும்போது வேட்டி நனைந்திருந்தது. கேட்டதற்கு வழுக்கிவிட்டது என்றார். பொட்டு முகத்தில்தானே வைக்க வேண்டும்? கீழே பார்த்துத் தொங்குகிற பெட்டிக்கு அடியில், தண்ணீரில் இறங்கி நின்று வைத்திருக்கிறார் மனுஷர்.

பெட்டி கெட்டதால் உன் கம்பெனியே மூடலாம் என்று தெரிந்ததும் ஆள் ஒடுங்கிப்போனார். தட்டில் போட்ட சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நேற்று நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஏன் கெட்டது என்று குழுவினர் திட்டாமல், இதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள், இனிமேல் சந்தனம் பூசியும் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள் என்று நீ சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது. நம் ஊரில் ஒருவன் டீக்கடையை மூடினால் அவன் பேரனுக்குப் பெண் பார்க்கும்போதும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அங்கே இப்படியும் மனிதர்கள். அப்பா எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்தார், இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. இன்று காலையில் எங்கோ பார்த்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். அடுத்த ஆயுத பூஜைக்குப் பெட்டியில் எந்த இடத்தில் பொட்டு வைத்தால் அதன் கண்ணுக்குத் தொந்தரவு இருக்காது என்று. எனக்கென்ன தெரியும், உங்கள் மகளைக் கேளுங்கள் என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ போன் பண்ணு. எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். அந்த இடத்தை மட்டும் அவருக்குச் சொல்லிவிடு, கண்ணு.

உன் நல்வாழ்வையே வேண்டும் அம்மா,
அம்சம்