பின்பக்கத்து வானம்

என் பிரியத்துக்குரிய அக்கா,

நீ இருந்த காலமெல்லாம் சமையலறைக் கதவைச் சரிசெய்து தராத மனிதர், நீ போன பிறகு உன் பெயரில் மாடி எழுப்ப ஏன் இப்படித் துடிக்கிறார்? எனக்குத் தெரியவில்லை. மண்ணைப் பற்றிக் கேட்டால் ஏதாவது சொல்லுவேன். அதைத்தான் படித்தேன், அதைத்தான் திருநெல்வேலியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அத்தானைப் பற்றி எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஆமாம், மாடி. திருவேங்கடம் சாலையில் நீ குடியிருந்த அதே வீட்டின் தலைமேல். முகப்பில் பதிக்க உன் பெயரைக் கிரானைட்டில் வெட்டி வாங்கிவந்திருக்கிறார். 'சண்முகதாய் இல்லம்.' நடுவில் 'த்' என்ற ஒற்றை விழுங்கிவிட்டார்கள். அத்தானுக்கு அது கண்ணில் படவில்லை. செங்கல்லும் கம்பியும் வாசலில் கிடக்கின்றன. நாளைக்கு வேலை தொடங்குகிறார்கள்.

உனக்கு இன்னொரு செய்தி. உன் மகள் மலருக்குப் பெண் குழந்தை. மூக்கு உன்னுடையது. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், பின்பக்க அறையில். தொட்டிலை ஒட்டிய சுவரில்தான் அந்த விரிசல் இருக்கிறது. நீ பார்த்தபோது கோடாக இருந்தது, இப்போது என் சுண்டுவிரல் நுழைகிறது. அத்தான் அதன்மேல் சிமெண்ட் பூசி, ரோஜா நிறத்தில் பெயின்ட் அடித்தார். ஒரு மழைக்குப் பிறகு பெயின்ட்டும் சேர்ந்து பிளந்தது. அந்தச் சுவரின்மேல்தான் நாளைக்குச் செங்கல் ஏற்றப் போகிறார்கள்.

காண்ட்ராக்டர் யார் என்று கேட்பாய். தங்கராசுதான், வேறு யார்? இந்த வீட்டைக் கட்டியவர் இதன்மேல் இன்னொன்றைக் கட்டத் தகுதியானவர் என்பது அத்தானுடைய கணக்கு.

நேற்று வாசலில் வைத்து அவரோடு பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது சரி.

"மேடம், நீங்க சும்மா பயங்காட்டுதிய. அண்ணாச்சி வீட்டு மேல யானையக் கொண்டாந்து நிறுத்துங்க, ஒரு தூசி விழாது."

"யானை நின்னுட்டுப் போயிரும். மாடி எங்க போகும்?" என்றேன்.

அத்தான் சிரித்தார். "வசந்தா, ஒனக்கு யானை மேலயும் நம்பிக்கை இல்ல, எங்க மேலயும் நம்பிக்கை இல்ல."

யானைமேல் இருக்கிறது, அக்கா. யானை தான் மிதிக்கப் போகிற இடத்தைப் பார்த்து மிதிக்கும்.

இவர்களுக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: மண் தாங்குமா? பாரம் ஏறியதும் மண் உடைந்து பக்கவாட்டில் பிதுங்குமா என்பது நியாயமான கேள்விதான், அதற்கும் கணக்கு உண்டு. ஆனால் உடையாத மண்ணும் மெள்ள இறங்கும். களிமண்ணுக்கு அவசரமே கிடையாது, ஆண்டுக்கணக்கில் இறங்கும். வீடு முழுக்க ஒன்றுபோல் இறங்கினால்கூடப் பெரிய சேதமில்லை. ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் இறங்கினால் நடுவில் உள்ள சுவர் என்ன செய்யும்? எந்தப் பக்கம் போகும்?

அதிலும் பின்பக்கத்தில் இருப்பது கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். நீ ஒருமுறை போனில் சொன்னாய்: "ஏட்டி, இந்த வீடு மூச்சு விடுது. சித்திரையில உள்ள இழுக்கு, ஐப்பசியில வெளிய விடுது." சிரிப்புக்குத்தான் சொன்னாய். அந்த வீட்டைப் பற்றி யாரும் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படி.

மற்றவர்கள் கதவைத்தானே குற்றம் சொன்னார்கள்? மழைக்குக் கதவு முட்டினால் மரம் ஈரத்தில் பூரித்துவிட்டது என்று தச்சரைக் கூப்பிட்டு இழைத்தார்கள். கோடையில் இடைவெளி விழுந்து பெருச்சாளி உள்ளே வந்தது. அடுத்த மழைக்கு மறுபடி முட்டியது, மறுபடி இழைத்தார்கள். கடைசியில் மரமே வேண்டாம் என்று இரும்புக் கதவு போட்டார்கள். அதுவும் முட்டியது. அப்போது தங்கராசு சொன்னாரே, நினைவிருக்கிறதா?

"இரும்பும் பூரிக்கும் மேடம்."

வெயிலுக்கு விரிய வேண்டிய இரும்பு, இவர் கட்டிய வீட்டில் மட்டும் மழைக்கு விரிகிறது. அத்தான் தலையாட்டினார். நீ இடுப்பால் ஒரு இடி இடித்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாய். நீ கடைசிவரை அப்படித்தான் திறந்தாய்.

நம்மூரில் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பெயர். வானம் தோண்டு என்றால் இவர்கள் மேலே பார்த்துக்கொண்டே தோண்டுவார்கள் போல. போன வாரம் என் வாயை அடைப்பதற்காக ஒரு குழி போட்டுக் காட்டினார்கள். எங்கே? முன்பக்கம், கேட்டுக்குப் பக்கத்தில். இடுப்பளவு போனதும் கடப்பாரை ணங் என்றது. சுக்கான், வெள்ளைக் கல்லாக இறுகிய மண். நல்ல மண்தான், நானே ஒப்புக்கொள்கிறேன். தங்கராசு கடப்பாரையை இன்னும் இரண்டு முறை ணங், ணங் என்று தட்டிக் காண்பித்தார், கோயில் மணி அடிப்பதுபோல. அத்தான் கைகூப்பவில்லை, அவ்வளவுதான் குறை.

"பின்னால ஒரு குழி போடுங்க" என்றேன்.

"பின்னால துணி தொவைக்கிற இடம்லா மேடம். ஒரே சகதி."

"சகதின்னு நீங்களே சொல்லுதீங்க."

"சகதி மேலதான மேடம் இருக்கு? வீடு கீழல்லா நிக்கி?"

இந்த வீடு கட்டும்போதும் இதுதான் நடந்திருக்கும். முன்பக்கம் சுக்கான் வந்ததும், பின்பக்கமும் அப்படித்தான் என்று அதே ஆழத்தில் நிறுத்திக்கொண்டார்கள். முன்பாதி கல்லில் நிற்கிறது, பின்பாதி மூச்சு விடுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் உன் சமையலறைக் கதவு. அது தச்சருடைய பிழையும் இல்லை, இரும்பின் பிழையும் இல்லை.

இந்த ஊர் எனக்குப் புரியவே இல்லை, அக்கா. கோயிலில் கொடுக்கிற புற்றுமண்ணை நெற்றியில் பூசுகிறார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். காலுக்குக் கீழே இருக்கிற மண்ணைச் சோதிக்கச் சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். அத்தானும் அந்த நாளில் அஸ்திவாரத்தில் ஒரு பொட்டலம் புற்றுமண் போட்டாராம். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேட்டேன். முன்பக்கம் என்றார். அங்கே அதற்கு வேலையே இல்லை.

மலரிடம் பேசிப் பார்த்தேன். "அப்பா ஆசையா செய்யுதாவ சித்தி. அம்மாவுக்காகத்தான" என்றாள். ஆசையின் பாரத்தை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? செங்கல்லின் பாரம் எனக்குத் தெரியும். அது உன் பேத்தியின் தொட்டிலுக்கு மேலே வருகிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. பின்பக்கத்து வானத்தை அத்தான் கண்ணால் பார்க்காமல் ஒரு செங்கல்லும் மேலே ஏறாது. நாளைக் காலையில் துவைக்கிற கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். மச்சினியைத் தூக்கி அப்புறப்படுத்துகிற அளவுக்கு அத்தானுக்குத் தைரியம் கிடையாது.

உனக்கு அடுத்துப் பிறந்து, உன்னிடம் மட்டும் வாதாடாத தங்கை,
வசந்தா

மறுநாள் சாயங்காலம் எழுதுவது:

உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் பின்சுவரை ஒட்டித் தோண்டினார்கள். முன்பக்கம் சுக்கான் வந்த அதே ஆழத்தில் இங்கேயும் அஸ்திவாரம் முடிந்தது. அதற்கடியில் கரிசல், பிசைந்த மாவுபோல.

"இது மேல் மண்ணு மேடம். இன்னும் கொஞ்சம் போனா சுக்கான் வந்துரும்" என்றார் தங்கராசு. போனார்கள். வரவில்லை. இன்னும் போனார்கள்.

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கடப்பாரையை வாங்கி ஊன்றிச் சாய்ந்தார். சத்தமே இல்லாமல் பாதிக்கு மேல் உள்ளே போனது. திரும்ப இழுக்க அவரால் முடியவில்லை.

"முன்னால மட்டும் ஒரு ரூம் எடுத்துருவமா, அண்ணாச்சி?" என்றார் தங்கராசு.

"ஏலே, வாய மூடு."

மேலே வந்தவர் கால்கூடக் கழுவாமல் சமையலறைக்குப் போனார். "இத மொதல்ல கழத்துங்கலே" என்றார். இரண்டு பேர் இரும்புக் கதவைக் கழற்றி வெளியே கொண்டுவந்தார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தகட்டில் இடுப்பு உயரத்தில் ஒரு பள்ளம். அத்தான் உள்ளங்கையை அதில் வைத்தார். சரியாகப் பொருந்தவில்லை.

"பழைய இரும்புக்குப் போட்டுருவமா?" என்று தங்கராசு கேட்டார். அத்தான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

மாடி இல்லை. செங்கல் திரும்பிப் போனது. மலர் தொட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். ஒற்றில்லாத உன் பெயர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கதவை எங்கே வைப்பது என்று அத்தான் என்னைக் கேட்டார். முன்பக்கம், சுக்கான் இருக்கிற இடமாகப் பார்த்துச் சாத்தி வைக்கச் சொன்னேன்.