மைத்துனர் வீட்டுக் காற்று

1983 மே 5, வியாழன்

நான், இரா. சொக்கலிங்கம், வயது ஐம்பது, போடிநாயக்கனூர் பத்திரப் பதிவு அலுவலகத் தலைமை எழுத்தர். இந்தக் கோடையில் என் மகள் செல்வியின் உடல்நலத்துக்காக இவ்வீட்டில் செய்யும் ஏற்பாடுகளை இதில் எழுதி வைக்கிறேன். பிற்பாடு என் மனைவி வழியினர் எவரேனும் "அந்த ஆளு ஒண்ணுமே செய்யலை" என்று சொன்னால், எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு பதில் வேண்டும்.

வானிலை: மேகம் இல்லை. மேற்கே மலை இருக்கும் இடத்தில் வெறும் வெளுப்பு. காற்று உண்டு, அடுப்படியிலிருந்து வருவது போன்ற காற்று.

செல்விக்கு ஏழாம் மாதம். சித்திரை பிறந்ததும் வளைகாப்பு முடித்து மெட்ராசில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். அங்கே வேர்வை, இங்கே வறட்சி. "அங்க துணியே காயாதுப்பா. இங்க நானே காஞ்சுபோறேன்" என்கிறாள்.

ஏற்பாடுகள்:
வெயில் ஏறியதும் சன்னல்கள் அடைப்பு. பொழுது சாயும் வரை எவரும் திறக்கக் கூடாது.
வாசலில் நனைத்த கோணி.
மொட்டை மாடியில் தென்னங்கீற்று.
நீர்மோர், இளநீர். காப்பி அறவே நிறுத்தம்.
மின்விசிறி, மின்வெட்டு நேரம் நீங்கலாக. அதாவது, பெரும்பாலும் இல்லை.

மே 6, வெள்ளி

காலையில் அடுக்களையில் செல்வி மயங்கிச் சரிந்தாள். என் மனைவி பாக்கியம் தாங்கிப் பிடித்ததால் அடி இல்லை. மருத்துவமனை. குளுக்கோஸ்.

பெண் மருத்துவர் என் ஏற்பாடுகளைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு: "கோணி, கீத்து எல்லாம் சரிதான் சார். ராத்திரிகூட வீடு ஆறலையே! இன்னொரு தடவை இப்படி நீர் வத்துனா பிள்ளைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். மேல உங்க சொந்தக்காரங்க எஸ்டேட் இருக்குல்ல? அடுத்த வாரத்துக்குள்ள ஜீப்புல மெதுவாக் கொண்டுபோய் விடுங்க. அதுக்கப்புறம் அந்த வளைவுகள்ல ஏற நான் விடமாட்டேன்."

சொந்தக்காரர் என்றது பாக்கியத்தின் அண்ணனை. போடிமெட்டு உச்சியில் ஓட்டு வீடு. இந்த மாதத்திலும் அங்கே போர்வை வேண்டும். அவருக்கும் எனக்கும் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. காரணத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். செல்வியைத் தம் மகனுக்குக் கேட்டார். பையன் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், கொடுக்கவில்லை. அதுகூட அவருக்கு ஆறிப்போயிற்று என்கிறாள் பாக்கியம். ஆறாதது அழைப்பு விஷயம். தாய்மாமனை வெற்றிலைபாக்குத் தட்டோடு நேரில் சென்று அழைக்க வேண்டுமாம். எனக்கு அப்போது விடுப்பு இல்லை. திருமண அழைப்பிதழைப் பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டையுடன் அனுப்பினேன். அட்டை அவர் கையொப்பத்தோடு திரும்பி வந்தது. அவர் வரவில்லை. முறைப்படி அழைப்பு சேர்ந்தது. வராதது அவர் குற்றம்.

இதைச் சொன்னதும் பாக்கியம் மருத்துவமனை என்றும் பாராமல் கத்தினாள். "எங்கண்ணன் வீடு என்ன கோர்ட்டா, நோட்டீசு அனுப்ப?"

மே 7, சனி

வெக்கை குறையவில்லை. அலுவலகத்தில் மைப்பட்டை காய்ந்து கிடந்தது. ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர் கைநாட்டு வைத்தார், ரேகை விழவில்லை. "என் கையில ரேகை இல்லையா, ஒங்க மையில ஈரம் இல்லையா சாமி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்வி வீடு திரும்பிவிட்டாள். உதடு வெடித்திருக்கிறது. கால் வீக்கம்.

முடிவு: மலையில் வாடகைக்கு ஓர் அறை. எவர் தயவும் வேண்டாம்.

மே 8, ஞாயிறு

முதல் பஸ்ஸில் மேலே. போடிமெட்டில் நல்ல காற்று. மைத்துனர் வீட்டு ஓடு பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. பார்க்கவில்லை. அதாவது, பார்த்தேன்.

மெட்டில் அறை ஏதும் காலியில்லை. கேரளப் பக்கம் இறங்கி, ஏலக்காட்டுக்குள் வர்கீசு என்பவரின் தேநீர்க்கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. மேலே மரம், கீழே ஏலச்செடி, நடுவே ஈரம். ஓர் இலை அசையவில்லை. சுவர் வியர்த்திருந்தது, பாயில் பூசணம். சட்டையைப் பிழியலாம். கீழே வேர்வை உலர்ந்து உப்பாகிறது. இங்கே உலரவே மறுக்கிறது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போயிற்று. மலை என்றாலே குளிர்ச்சி என்று நம்பி வந்தவன் நான்.

"ஒரு மழ பெய்தா எல்லாம் சுகமாகும் சாரே" என்றார் வர்கீசு.

"எப்போது பெய்யும்?"

"அது கர்த்தாவுக்கே அறியும்."

அப்போது மைத்துனரின் ஜீப்பு வந்து நின்றது. இறங்கி, என்னைக் கடந்து போய், எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். நரைத்திருக்கிறார். என்னிடம் பேசவில்லை; வர்கீசிடம் பேசினார்.

"மெட்ராசு சம்பந்தக்காரக இங்கிட்டு என்ன சோலியா வந்திருக்காகன்னு கேளு."

நானும் வர்கீசிடமே: "மகளுக்கு ஓர் அறை பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள்."

"அந்த ரூமா? பன்னிகூட ஒதுங்காதேப்பா! எம் மருமகளையா அதுல படுக்க வைக்கப் போறாக?"  பிறகு, "புள்ளைக்கு எத்தனாவது மாசம்னு கேளு."

"ஏழு என்று சொல்லுங்கள்."

வர்கீசு குவளையை ஓங்கி வைத்தார். "எனிக்கு டீ ஆத்தணும். நிங்கள் ரண்டு பேரும் நேரே பறயின்!"

நேரே பேசவில்லை. இருவரும்தான். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்த மைத்துனர், ஜீப்பில் கால் வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "என் வீட்டுக் கதவு தபாலுக்குத் தொறக்காது வர்கீசு. தட்டுக்குத்தான் தொறக்கும். சொல்லிவிடு."

என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்திருந்தார். அதுவும் அவமதிப்பே.

மலையடிவாரத்து முந்தலில் பஸ் இறங்கும்போதே வெக்கை முகத்தில் அறைந்தது.

மே 9, திங்கள்

பாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைக் கண்டு எனக்கு ஆத்திரம்.

"தொறக்கும்னு சொல்லிட்டாருல்ல? பெறகென்னங்க?"

"தட்டுக்கு."

"இந்த வீட்டுல இல்லாத தட்டா? கொண்டான்னா கொண்டாந்து தர்றேன். வெரசாப் போயிட்டு வாங்க."

தட்டு ஒரு நிகழ்ச்சிக்குத்தான் எடுத்துச் செல்லப்படும். திருமணம் முடிந்து இரண்டு ஆண்டுகள். எதற்கு அழைப்பது? இதைக் கேட்டதும் அழுதாள். நீயே உன் அண்ணன் வீட்டுக்கு அவளை அழைத்துப் போ என்றேன். "கூப்பிடாத வீட்டுல புள்ளத்தாச்சிய எறக்கிவிட்டு, அவ திங்கிற சோத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். ஆக, இவர்களுக்கும் விதிகள் உண்டு. என் விதிகள்தான் கேலிக்குரியவை.

அடைத்த சன்னலை ஒட்டி செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான் ஆசுபத்திரியிலயே கெடந்துக்கிறேன்ப்பா. நீங்க யாருகிட்டயும் போக வேணாம்."

நன்றியுணர்வு தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மே 10, செவ்வாய்

இரவு முழுதும் மின்சாரம் இல்லை. விடியும்போது செல்வி, "அம்மா, உள்ள அசையவே மாட்டேங்குதும்மா" என்றாள். வாடகைக் கார். மருத்துவமனை.

மருத்துவர் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். மீண்டும் மாற்றினார். அந்த நேரம் முழுவதும் சுவரில் ஒட்டியிருந்த அம்மைத் தடுப்பு விளம்பரத்தை நான் எழுத்தெழுத்தாக வாசித்தேன். அதில் இரண்டு இடங்களில் ஒற்றுப் பிழை.

"இருக்கு" என்றார் மருத்துவர். ஒரே சொல். பாக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பி: "இன்னும் அனுப்பலையா சார்? எதுக்காகக் காத்திருக்கீங்க?"



மே 11, புதன்

வானிலை: நேற்றைப் போலவே. செல்விக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது. அசைவு உண்டு.

நாளை விடுப்பு. விண்ணப்பத்தில் காரணம் "குடும்ப நிகழ்ச்சி" என்று எழுதினேன். எழுதிய பின்தான் எதற்கு அழைப்பது என்பது விளங்கியது. கடைத்தெருவில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், பழம். வெற்றிலை வாடாதிருக்க ஈரத்துணியில் சுற்றியாயிற்று. பாக்கியம் எதுவும் பேசாமல் தட்டைத் துலக்கித் துடைத்து வைத்தாள். அந்த மௌனத்துக்காக அவளுக்கு நான் கடமைப்பட்டவன்.

நாளை முதல் பஸ்ஸில் ஏறுவேன். அந்த வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, இடையில் எவரும் இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "மச்சான், நம்ம செல்வி கல்யாணத்துக்கு உங்களை அழைக்க வந்திருக்கிறேன்." இரண்டு ஆண்டுகள் பிந்திய அழைப்பு என்று அவர் சிரித்தால் சிரிக்கட்டும். தோட்டத்து ஆட்களையும் கூப்பிட்டு வைத்துச் சிரிக்கட்டும். நான் செய்தது தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு ஜீப்பைக் கீழே அனுப்பும் வரை அந்த வாசலில் நிற்பேன்.