கண் திறக்காத அம்மனுக்கு எத்தனை சதவீதம்?

பங்குனி 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்று வரவில்லை, பட்டறையில் கல்தூசி போட்டது போட்டபடி நிற்கிறது. சட்டசபையில் பட்ஜெட். உளிச் சத்தம் பாதி. எல்லார் காதும் என் போனில்.

புரிந்தவரை: சிறுதொழிலுக்கு மானியக் கடன். நலவாரியத்தில் இருப்பவர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி. மீனவருக்கும் ஏதோ. நடுவில் மேசையைத் தட்டினார்கள், எதற்கென்று கேட்கவில்லை. மானியம் ஏற்கெனவே பட்டறை வைத்திருக்கும் எங்களுக்கா, இனிமேல் வைக்கப்போகிறவருக்கா? தெரியவில்லை.

டில்லி வந்து நின்றான். எங்களிடம் பழைய ஆள். அவன் பெண் காலேஜில் படிக்கிறது.

"அண்ணி, நானு எந்த வாரியம்? கல்லு ஒடச்சா கட்டட வாரியமாம், செல செஞ்சா கைவினை வாரியமாம். நானு காலைல ஒடைக்கிறேன், மத்தியானம் செதுக்குறேன். இன்னா போடச் சொல்றது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பி.காம். படித்த பாவம், இந்தப் பட்டறையில் எல்லாக் கேள்வியும் என் தலையில்தான் விடியும்.

து.பருப்பு, புளி, ஊதுபத்தி வாங்க வேண்டும்.

பங்குனி 4, செவ்வாய்

ரிசார்ட் மேனேஜர் போன். திருவிடந்தை தாண்டிப் புதிதாகத் திறக்கிறார்கள். நீச்சல் குளத்துக்கு எதிரே வைக்க ஆளுயர அம்மன் சிலை கேட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் செதுக்கி முடித்துவிட்டார். இந்தக் கோடைக்கு எங்களுக்கு இருக்கிற பெரிய வேலை இது ஒன்றுதான்.

"மேடம், பில்லுல சாமி சிலைன்னு போட்டுடுங்க. கல்லுல செஞ்ச சாமிக்கு ஜிஎஸ்டி கிடையாதாம். அலங்காரச் சிலைன்னு போட்டா வரி வரும். அதை நாங்க தர மாட்டோம், பேசின ரேட் எல்லாம் சேர்த்துத்தான்."

சாமி சிலைதானே, எழுதினால் என்ன போச்சு என்று நினைத்தேன். இவரிடம் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு தொறக்கலியே. எப்டி சாமி ஆவும்?"

உண்மைதான். கோயிலுக்குப் போகிற சிலைக்குக் கடைசியில்தான், பிரதிஷ்டை சமயத்தில், தங்க உளியால் விழி வரைந்து கண் திறப்பது. அதுவரைக்கும் கல். ஓட்டலுக்கும் வீட்டு வாசலுக்கும் போகிறவற்றுக்கு இவர் திறப்பதே இல்லை.

"சாமின்னு எய்தினா தொறக்கணும். தொறந்துட்டா குளத்தாண்ட, ஜட்டியோட குளிச்சிகினு கீறவன் எதுர்ல நிறுத்த முடியாது. பொம்மைன்னே போடு. வரிய நாமளே கட்டிக்கலாம்."

நாமளேயாம்! வாங்க நினைத்திருந்த கல் அறுக்கும் மிஷின் அதோடு போச்சு. கோபத்தில் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். அப்படியே சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்தார். அதற்கும் கோபம் வந்தது.

பங்குனி 6, வியாழன்

ஆடிட்டரைப் பார்க்க செங்கல்பட்டு. திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே. பக்கத்தில் மீன் கூடைக்காரம்மா ஒருத்தி: "பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாத்தான் கீது பஸ்ஸு. இன்னா, பஸ்ஸுதான் வர மாட்டேங்குது." பஸ்ஸே சிரித்தது, கண்டக்டர் உட்பட.

ஆடிட்டரும் சிரித்தார், நான் சொன்னதைக் கேட்டு. "சட்டத்துல கண்ணு மூக்கெல்லாம் இல்லம்மா. அம்மன் உருவம்னா சாமி. வரி இல்ல."

நீச்சல் குளத்துக்கு எதிரே நின்றாலுமா என்றேன்.

"அப்போ அலங்காரம்தானேன்னு அதிகாரி கேக்கலாம். ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதைப் போடுங்க."

இதைச் சொல்வதற்கு ஃபீஸ்.

நான் என்ன நினைக்கிறேன்? திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான். இவருக்குக் கண் திறந்தால் சாமி. மேனேஜருக்கு வரி இல்லையென்றால் சாமி. சர்க்காருக்கு எது என்று ஆடிட்டருக்கே தெரியவில்லை. எனக்கு? ஒரு சமயம் கல்லாகத் தெரிகிறது, ஒரு சமயம் இல்லை. தலைவலி.

டில்லி விஷயம் இ-சேவை மையத்தில் கேட்டேன். "முக்கியமா எந்த வேலை செய்யறார்?" இரண்டும் என்றேன். "ரெண்டும்னு போட இதுல இடமே இல்லக்கா." டில்லியிடம் இன்னும் சொல்லவில்லை.

பங்குனி 7, வெள்ளி

காலையில் பட்டறைப் பிள்ளையாருக்குப் பூ வைத்துவிட்டு, மிஞ்சிய கனகாம்பரத்தை அந்த அம்மன் கையில் சுற்றிவிட்டேன். நினைத்துச் செய்ததில்லை, வெள்ளிக்கிழமைப் பழக்கம். இவர் பின்னாலேயே வந்து பூவை எடுத்தார்.

"வாணாம் லட்சுமி. ஆசை காட்டாத."

யாருக்கு? சிலைக்கா, இவருக்கா?

மத்தியானம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சாமி என்றே எழுதிவிடுகிறேன், கண் திறந்ததா இல்லையா என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? மெருகுக் கல்லை எடுத்துக்கொண்டு அம்மன் சிலையிடம் போனார். அரைமணி நேரம் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சிலிண்டர் பதிய வேண்டும்.

பங்குனி 10, திங்கள்

லாரி காலையிலேயே வந்துவிட்டது. பில்: அலங்காரக் கற்சிலை. வரி எங்கள் பங்கில். மேனேஜர், "உங்க இஷ்டம் மேடம்" என்றார். அதோடு முடிந்தது.

சங்கிலி போட்டார்கள். தூக்குவதற்கு முன் டில்லி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சிலையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"தாயே, யாருக்கும் அடிபடாம ஏறிடும்மா."

"டேய்! அது சாமி இல்லடா! பொம்மைடா, வெறும் பொம்மை!"

இவர்தான். அப்படி ஒரு கத்தல். பக்கத்துப் பட்டறையிலும் உளி நின்றுவிட்டது. டில்லி முகம் செத்துப்போய், "சரிண்ணாத்த" என்றான்.

ஏற்றினார்கள். உடம்புக்குச் சாக்குச் சுற்றினார்கள். முகத்துக்கு வந்தபோது இவர் சாக்கை வாங்கித் தூரப் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டைச் சுற்றினார்.

லாரி போனபின் ஆளைக் காணோம். உடைத்த கல் குவித்திருக்கும் இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொம்மைன்னுதானே எய்துன?"

"ஆமா."

"வரி கட்டிட்டியா?"

"அடுத்த மாசம் கட்டினாப் போதும். டைம் இருக்கு."

"வாணாம்" என்றார். "இன்னிக்கே கட்டிடு."