சரி என்று சொன்னவள்

என் அமலத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருகிற வாரம் மாதா கோயிலில் உன் பேருக்குப் பூசை சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் உன்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு எங்கள் சபைக்குப் போனவன், இப்போது சில ஞாயிறுகளில் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். முழங்கால் போட இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வரட்டும், நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்மேல் விழுந்த பழி தெருவறிய விழுந்தது. அதில் நான் செய்தது மட்டும் யாருக்கும் தெரியாது.

நீ ஆர்.சி., நான் புராட்டஸ்டண்ட். நமக்குள் சண்டை என்றால் பெரும்பாலும் மாதாவைப் பற்றித்தான். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நான்தான் ஆரம்பிப்பேன். கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவில் நிற்கிறவர் இயேசு ஒருத்தர்தானே, அந்த அம்மாவை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்பேன்.

"நாங்க மட்டும் நடுவில நிக்கது ரெண்டு பேருன்னா சொல்லுதோம்?" என்பாய். "எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்க ஜெபம் பண்ணுதீகளே, அதுக்கு என்ன பேரு?"

ஒரு நாள் மட்டும் நீ குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாய். "மகனை அனுப்பணும்னா ஆண்டவர் கேட்காமலே அனுப்பியிருக்கலாம். ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்ட ஏன் சம்மதம் கேட்டாரு? மாதா ஆகட்டும்னு சொன்ன பொறவுதானே எல்லாம் நடந்துச்சு?"

"அவருக்கு யார் சம்மதமும் வேண்டாம்" என்றேன். அப்போது அது எனக்குச் சுலபமான பதிலாக இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் நம் சீலனுக்கு அடிபட்டது. இருபது வயது. சோழபுரத்தில் சிநேகிதனைப் பார்த்துவிட்டு சைக்கிளில் ராஜபாளையம் திரும்பி வந்தவனை லாரி தட்டிவிட்டது. எனக்கு ஆலையில் தகவல் கிடைத்து, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நீ வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

"யாரு கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"பொறுக்க நேரமில்லன்னு டாக்டர் சொன்னாரு."

நான் உள்ளே போய் டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னிடம் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, அமலம். "அந்தம்மா உடனே சரின்னு சொன்னதாலதான் பையன் இருக்கான். உங்களுக்காகக் காத்திருந்தா உயிர் தங்கியிருக்காது" என்றார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் நடந்துவிட்டதே என்ற கோபம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சீலன் உன் கையால் சாப்பிட மறுத்தான். புண்ணைத் துடைக்க நீ போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். "மகன் காலை வெட்டக் குடுத்தவ" என்று குழாயடியில் பேசினார்கள். ஒரு நாள் அவன் உன்னிடம் சொன்னான்: "அப்பா இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாரு."

நான் அடுத்த அறையில் நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது என்று உனக்கும் தெரியும். உள்ளே வந்து, நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

அன்று திரும்பி வந்தபோது நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். நான் எதுவும் கேட்காமலே பேசினாய்.

"காப்பாத்துனது டாக்டர். நான் வெட்டவும் இல்ல, தைக்கவும் இல்ல. சரின்னு ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லிட்டு, கூடவே நின்னேன். அம்புட்டுதான்."

உன்னைப் பற்றி மட்டும்தான் பேசினாயா, மாதாவையும் சேர்த்தா? அன்றைக்கு நான் கேட்கவில்லை. அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் மாதாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. தோற்றுவிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். எனக்குப் பயம், பேச்சு டாக்டர் சொன்னதில் போய் முடியுமோ என்று.

சில மாதம் கழித்து சீலன் உன் கையால் சாப்பிடத் தொடங்கினான். மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் கேட்கவும் இல்லை, நீ எதிர்பார்க்கவும் இல்லை.

அப்புறம் தொண்ணூறுகளில் உன் கோயில் சிநேகிதி ரோஸ்மேரி ஒரு தாளோடு நம் வீட்டுக்கு வந்தாளே, நினைவிருக்கிறதா? மரியாளை 'இணை மீட்பர்' என்று திருச்சபை அறிவிக்க வேண்டும், அதற்கு விசுவாசிகள் கையெழுத்துப் போட்டு ரோமுக்கு அனுப்புகிறார்கள் என்றாள். அதற்கு முந்தின ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் அதைப் பற்றித்தான் பேசினார் என்று நீ சொல்லியிருந்தாய். மீட்பர் கிறிஸ்து ஒருவரே, மரியாள் செய்த உதவி அவரைச் சார்ந்தது, அதில் சந்தேகமில்லை. அந்தப் பட்டம் சரியா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, திருச்சபை இன்னும் முடிவு சொல்லவில்லை என்றாராம்.

நீ கட்டாயம் கையெழுத்துப் போடுவாய் என்று நினைத்தேன். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாய்.

"எனக்கு வேண்டாம் ரோஸ்."

"என்ன மதினி, மாதா மேல பக்தி இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. சிலுவையில தொங்குனது அவரு. மாதா பக்கத்துல நின்னாவ. நின்னவுகளுக்குத் தொங்குனவர் பேரைக் குடுத்துட்டா, நிக்கது எம்புட்டுக் கஷ்டம்னு யாருக்குத் தெரியும்?"

ரோஸ்மேரி காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். அப்போதாவது டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. பிறகு ஒரு நாள் என்று விட்டேன். நமக்கு அந்த ஒரு நாள் வரவில்லை. உன் நெஞ்சுவலி யாரையும் காத்திருக்க விடவில்லை.

இங்கே எல்லாரும் நலம். சீலன் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி ரிப்பேர் கடையைப் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறான். செயற்கைக் காலோடு படியேறுவதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அவன் மகளுக்கு நாலு வயது, உன் மூக்கு. போன வாரம் போயிருந்தேன். வேலை செய்துகொண்டே, கோபமில்லாமல், சாதாரணமாகச் சொன்னான்: "நீங்க வாரது வரைக்கும் அம்மா காத்திருந்திருக்கலாம்ப்பா."

இத்தனை வருஷம் கழித்தும் அவனுக்குள் அது கிடக்கிறது. நீ அதைச் சுமந்துகொண்டே போய்விட்டாய். அன்றும் நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

மரியாளுக்கு என்ன பட்டம் கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்யட்டும். கடவுளுக்கு யார் சம்மதமும் வேண்டாம் என்று சொன்னேனே, அதை மட்டும் நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ செய்தது சரி, அமலம். நான் செய்திருக்க வேண்டியதை நீ செய்தாய்.

இது அச்சாகி வருவதற்கு முன்னால், வருகிற ஞாயிறு, சீலன் கடைக்குப் போவேன். டாக்டர் என்னிடம் சொன்னதையும், அதை நான் மறைத்ததையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவன் என்ன கேட்டாலும், எவ்வளவு நேரம் கேட்டாலும், எழுந்து போக மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
சீலனின் அப்பா
ராஜபாளையம்