பிள்ளைகளுக்கு எதற்குத் தைசோ?

புக்கிட் பெலண்டோக் எஸ்டேட்
சுபானு வருஷம், ஆடி 6

அன்புத் தம்பி தங்கராஜுவுக்கு அக்கா முத்தாயி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். மம்பாவில் நீயும் வள்ளியம்மாவும் என் மகள் செல்லமும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை.

உன் கடிதத்தில் 2603 என்று ஜப்பான்காரன் வருஷத்தைப் போட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு அது உத்தரவு, சரி. அக்காவுக்கு எழுதும் கடிதத்துக்குமா?

தினம் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையைத் தூக்கு, குனி, குதி என்று ஜப்பான்காரன் உடற்பயிற்சியை, அந்தத் தைசோவை, செய்ய வைக்கிறாயாமே. வண்டிக்கார சலாவுதீன் பாய் சொன்னார். ஆறு வயசுப் பிள்ளையை அவன் எதற்கடா வலுவாக்கப் பார்க்கிறான்? உன் மச்சானை, என் புருஷனை, எப்படிக் கொண்டுபோனார்கள் என்று மறந்துவிட்டாயா? ஓட்டப் பந்தயம், ஜெயித்தால் அரிசி என்றார்கள். முன்னால் ஓடி வந்தவர்களை அப்படியே லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். நொண்டிக்கொண்டு கடைசியில் வந்த சன்னாசி இன்றைக்கும் தன் வீட்டில் படுக்கிறார்.

உன் பள்ளியில் மத்தியானக் கஞ்சி கிடைக்கிறதே என்றுதான் பிள்ளையை உன்னிடம் விட்டேன். குடித்த கஞ்சியைக் குதித்தே தீர்க்கவா?

அக்கா முத்தாயி


மம்பாவ்
ஆடி 13

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம். இங்கே எல்லோரும் சுகம்.

தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால்தான் அந்த வருஷம். இது பாய் கையில் வருகிறது, மனம்விட்டு எழுதலாம்.

தைசோ அவர்கள் உத்தரவு. அது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாட விடுவது என் யோசனை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுச் சுருண்டு படுக்கிற பிள்ளைகளுக்குக் கிணற்றடிவரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. விளையாடுகிறவர்கள் காய்ச்சல் வந்தாலும் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நேற்று செல்லம் வலது காலை நொண்டினாள். இன்றைக்கு இடது காலை நொண்டுகிறாள். என்ன கண்ணு என்றால், "சொல்ல மாட்டேன் மாமா, அம்மா திட்டும்" என்கிறாள். பாயிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள்?

தம்பி தங்கராஜு


புக்கிட் பெலண்டோக்
ஆவணி 2

தம்பிக்கு,

ஆமாம், நான்தான் நொண்டச் சொன்னேன். எந்தக் கால் என்று சொல்லாமல் விட்டதுதான் என் பிசகு.

எனக்கு வாத்தியார் படிப்பு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வலு இருக்கிற பிள்ளைதானே எழுந்து ஓடும்? இல்லாதது படுத்துக்கொள்ளும். ஓடியதால்தான் வலு வந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஜப்பான் ஆபீசர் உனக்குத் தனியாக அரிசி கொடுக்கிறானாம். பக்கத்து வீட்டு மங்கம்மா சொன்னாள். பிள்ளைகளைத் தயார் பண்ணிக் கொடுப்பதற்குக் கூலியா? கூடப்பிறந்தவனிடம் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். செல்லத்தை அனுப்பிவிடு.

முத்தாயி


மம்பாவ்
ஆவணி 9

அக்காவுக்கு,

அரிசி வந்தது உண்மை. அதைப் பள்ளிக் கஞ்சியில் போட்டேன். மங்கம்மா அதைச் சொல்லவில்லையா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வள்ளியம்மா அழுதாள். எனக்கும் வலிக்கிறது.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. உங்கள் மகளே அதற்குப் பதில். வலுவுள்ள பிள்ளையாகத்தான் வந்தாள். நொண்டுகிறேன் என்று ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்கினாள். கஞ்சி அதே கஞ்சிதான். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி விளையாட வைத்தோம், தேறிவருகிறாள்.

அவளை அனுப்ப மாட்டேன். அங்கே கஞ்சி இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே வந்து பாருங்கள்.

தங்கராஜு


மம்பாவ்
ஆவணி 20

அக்கா,

நேற்று சிரம்பானிலிருந்து ஆபீசர்கள் தைசோ பார்க்க வந்தார்கள். பிள்ளைகளை ஒருவனும் பார்க்கவில்லை. முன்னால் பெட்டிமேல் நின்று செய்துகாட்டிய என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவன் என் புஜத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

நாளைக் காலையில் லோரி. சயாம்தான். நீங்கள் சந்தேகப்பட்டது சரி, ஆள்தான் மாறிவிட்டது. வள்ளியம்மாவையும் செல்லத்தையும் பாய் வண்டியில் அனுப்புகிறேன். பிள்ளையை உட்காரவைத்துவிடாதீர்கள்.

தங்கராஜு


புக்கிட் பெலண்டோக்
புரட்டாசி 4

என் தம்பிக்கு,

எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

வழியில் பாயின் மாடுகளைச் சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டார்கள். லுக்குட்டிலிருந்து வள்ளியம்மாவும் செல்லமும் அத்தனை மைலையும் நடந்தே வந்தார்கள். வந்ததும் வள்ளியம்மா வாசலில் சாய்ந்துவிட்டாள். செல்லம் நேரே உள்ளே போய், "அம்மா, அத்தைக்குத் தண்ணி குடு" என்றாள். பிள்ளைக்கு மூச்சு வாங்கவே இல்லை. பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னைப் போய்க் கூலி வாங்கினாயா என்று கேட்டேனே.

இப்போது சாயங்காலத்தில் லயத்து வீட்டுப் பிள்ளைகளை நானே ஓட விடுகிறேன். நேற்று மங்கம்மா வாசலில் நின்று, "யாரு சொல்லி இதெல்லாம் செய்றே? ஜப்பான்காரன் ஒனக்கு என்னா குடுக்குறான்லா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குக் கால்கள் குச்சியாகிவிட்டன.

நீ இருந்தால் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வாய். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. சீக்கிரம் வாடா.

உன் அக்கா
முத்தாயி