ஆவுடையின் இடது கால்

14.6.1988, செவ்வாய்

செவ்வாய் மாவுக்கட்டு நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் சேலை கசங்கிவிடுகிறது. மாவு பட்ட பிறகு அதைச் சேலை என்றே சொல்ல முடியாது.

எட்டு வருஷம் திருநெல்வேலியில் உடற்கூறியல் வாத்தியாரம்மா. முப்பத்தைந்து வயதில் எலும்பு வைத்தியம் படிக்கப் போனபோது, "ஆம்பிளை வேலைம்மா இது, கையில பலம் வேணும்" என்றார்கள். பலமாம் பலம்! இருபது நாள் குழந்தையின் பாதத்தை நிமிர்த்தும் கையில் பலம் இருந்தால்தான் ஆபத்து.

இன்று வந்ததும் அப்படியொரு பாதம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வெள்ளைத்தாயின் தலைச்சன் பெண், ஆவுடை. இடது பாதம் உள்ளே மடங்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக் கட்டவேண்டும், விட்டால் இறுகிவிடும் என்று சொன்னேன்.

"நடப்பாளா டாக்டரம்மா?"

"நடப்பா."

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கலாமா?

21.6.1988

ஆவுடையின் கட்டு நொறுங்கி வந்திருக்கிறது. பாதம் பழையபடி. மறுபடி கட்டினேன்.

28.6.1988

இன்றும் அதே கதை. கத்திவிட்டேன். "குளிப்பாட்டணும்னு ஊறப்போட்டு அவுத்தியா? பிள்ளை நொண்டினா பரவாயில்லையா உனக்கு?"

"தண்ணியே காட்டலை டாக்டரம்மா..."

"பொய் சொல்லாதே!"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைத்தாய் புதுக் கட்டோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

5.7.1988

வரவில்லை. ஒரு மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த குழந்தையின் பாதத்தில் பாதி இன்னும் குருத்தெலும்பு, இப்போது வளைத்தால் வளையும், நாள் போனால் வளையாது — மாணவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு வாரமும் கணக்கு. அதில் ஒரு வாரத்தை என் வாய் தின்றுவிட்டது.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "நீ திட்டினா உன் ஸ்டூடண்ட்ஸே நடுங்குவா. அவ என்ன பண்ணுவா, பாவம்? நாளைக்கு நீயே போய்ப் பாரு" என்றார் பாஷ்யம்.

6.7.1988, சத்திரப்பட்டி போய்வந்து

தெரு முழுக்கத் தறிச் சத்தம். வெள்ளைத்தாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தொட்டிலில் பிள்ளை. கட்டு உதிர்ந்து கிடக்கிறது. தொட்டில் துணியில் ஈரமே இல்லை, வெறும் மாவுத்தூள். தண்ணீரே காட்டவில்லை என்று அவள் சொன்னது நிஜம்தான்.

மறுபடி கட்டலாம் என்று பையிலிருந்து மாவு தேய்க்காத துணிச் சுருள் ஒன்றை எடுத்தேன். அவள் அதை வாங்கி, ஒரு முழம் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது எங்க ஊருத் துணிதான். இழையைக் கொறைச்சு ஓட்டுனது. புண்ணுக்குச் சுத்த ஆகும். இதுல மாவு எங்கன நிக்கும்? இவ எம்புட்டு உதை உதைக்கா!"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க பேச விட்டீய?"

திங்கள்தோறும் நர்ஸோடு உட்கார்ந்து இந்தத் துணியில் நானேதான் மாவு தேய்த்துச் சுருட்டுகிறேன். ஒருநாளாவது துணியைப் பார்த்தேனா? இன்னும் எத்தனை தாய்மாரை இப்படித் திட்டியிருப்பேன்?

"தப்பு என்னுது, வெள்ளைத்தாய். மன்னிச்சிரு."

"ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லாதீய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

12.7.1988

நெருக்கி நெய்த துணி அவளே பார்த்து எடுத்து வந்தாள். சேர்ந்து உட்கார்ந்து மாவு தேய்த்தோம். அவள் சுருட்டியதுதான் திருத்தமாக இருந்தது.

19.7.1988

உடையவில்லை!

23.7.1988, சனி

சனிக்கிழமைகளில் இன்னும் திருநெல்வேலிக்குப் போய் வகுப்பு எடுக்கிறேன். இன்று பாத எலும்புகள். முடிவில் இரண்டு துணிகளைக் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்து இழை எண்ணச் சொன்னேன்.

"பரீட்சைக்கு வருமா மேடம்?"

"நோயாளியோட வரும்" என்றேன். சிரித்தார்கள். எண்ணினார்கள்.

3.1.1989

ஆவுடைக்குக் கடைசிக் கட்டைப் பிரித்தேன். பாதம் தரையில் படிகிறது. ஆனால் இடது கால் கொஞ்சம் சின்னது, கெண்டைச்சதை மெலிவு. அது கடைசிவரை அப்படித்தான் இருக்கும் என்று மறைக்காமல் சொன்னேன். வெள்ளைத்தாய் செத்த நேரம் அந்தப் பாதத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

20.6.1989

நாலு அடி நடந்தாள். ஐந்தாவதில் என்மேல் விழுந்தாள்.

29.10.1991

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் வெள்ளைத்தாய் மறித்துக்கொண்டாள். ஆவுடைக்கு முதல் செருப்பு வாங்க வேண்டுமாம், நானும் கூட வரவேண்டுமாம். பீர் முகமது கடைக்குப் போனோம்.

ஏழாம் நம்பரில் இடது கால் கழன்று வருகிறது. ஆறாம் நம்பர் வலது காலைப் பிடிக்கிறது. பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், பீர் முகமது இடதுக்கு ஆறையும் வலதுக்கு ஏழையும் மாட்டி, "நட தாயி" என்றார். கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டாள். வெள்ளைத்தாய் பின்னாலேயே ஓடினாள்.

"மிச்சம் ஒத்தை ஒத்தையா நிக்குதே பாய், யார் வாங்குவா?"

"வலது காலு சின்னதா ஒரு பிள்ளை உங்ககிட்ட வராமலா போகும் டாக்டரம்மா? அதுக்கு ஆகும்."

வன்னியம்பட்டிக் கருத்தம்மாவின் மகன். நாலு மாதம். வலது கால். இன்று காலைதான் ஒன்பதாவது கட்டுப் போட்டேன்.

"மூணு வருஷம் வச்சிருப்பீங்களா?"

அவர் இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டு, நூல் சுற்றி, "பேரு சொல்லுங்க, எழுதி வைக்கேன்" என்றார்.